விந்தியானா: தக்காணக் கழுகின் பெயரும் கணக்கும்

1831ஆம் ஆண்டு லண்டன் விலங்கியல் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் என்ற படை அதிகாரி ஒரு கழுகுக்குப் பெயர் சூட்டினார். விந்திய மலைப் பகுதியில் சேகரித்த பறவைகளுள் ஒன்று அது. எனவே அக்விலா விந்தியானா. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1833இல், காத்மாண்டுவில் பணியாற்றிய பிரையன் ஹாட்ஜ்சன் மற்றொரு கழுகுக்கு அக்விலா நிபாலென்சிஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழ இதே காலத்தில் பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெஸ்ஸோன், வங்காளத்திலிருந்து கிடைத்த ஒரு கழுகை ஹஸ்டாட்டா என்று விவரித்தார். மூன்று பறவைகள், மூன்று மனிதர்கள், மூன்று பெயர்கள். இடைவெளி சில ஆண்டுகளே.

இவற்றுள் விந்தியானா புனே மாவட்டத்தின் கிழக்குப் புல்வெளிகளில் ஆண்டு முழுவதும் வாழ்வது. நிபாலென்சிஸ், அதாவது ஸ்டெப்பிக் கழுகு, மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் வந்து செல்வது. ஹஸ்டாட்டா எனப்படும் இந்தியப் புள்ளிக் கழுகு எங்கும் அரிது. மூன்றுமே இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஆபத்து நிலையில் உள்ளவை. ஆயினும் பெயர் பெற்ற நாளுக்கும் பட்டியலில் இடம் பெற்ற நாளுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தது. அந்த இடைவெளியின் பெரும்பகுதியில் இவை தனித்த பறவைகளாகவே கருதப்படவில்லை. வகைப்பாட்டியலாளர்களின் உள்வீட்டுச் சச்சரவு என்று ஒதுக்கிவிடத்தக்க செய்தியன்று இது. எதற்குப் பெயர் இருக்கிறதோ அதுதான் எண்ணப்படுகிறது. எது எண்ணப்படுகிறதோ அதன் குறைவுதான் தெரியவருகிறது.

புனேயில் எண்ணும் வேலையைத் தொடங்கியவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ். கட்கிப் போரிலும் புனேப் போரிலும் பங்கேற்ற இவரை, 1824இல் பம்பாய் ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் புள்ளிவிவர அறிக்கையாளராக நியமித்தார். பேஷ்வா ஆட்சி வீழ்ந்து ஆறாண்டுகளே ஆகியிருந்தன. புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கும்பினி அரசுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது: மக்கள்தொகை, பயிர், மழை, விலைவாசி. சைக்ஸ் இவற்றோடு பறவைகளையும் மீன்களையும் பாலூட்டிகளையும் சேர்த்துக்கொண்டார். 1832இல் வெளிவந்த அவரது தக்காணப் பறவைப் பட்டியல் ஏறத்தாழ 236 இனங்களைக் கொண்டது. பிற்காலத்தில் இவர் லண்டன் புள்ளிவிவரக் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவராகவும், கிழக்கிந்தியக் கும்பினியின் தலைவராகவும் ஆனார் என்பதை நினைவில் கொண்டால், அந்தப் பட்டியல் ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று என்பது விளங்கும்.

சைக்ஸ் தந்த பெயர்களில் இரண்டு மொழியியல் நோக்கில் சுவையானவை. தக்காணத்துக் கரும்பருந்துக்கு அவர் மில்வஸ் கோவிந்தா என்று பெயரிட்டார். மராத்தியில் அது 'கார்'. புல்வெளியில் வாழும் ஒரு வானம்பாடிக்குத் தேவா என்று பெயரிட்டார். இலத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள் இரண்டு வடமொழிச் சொற்கள் இவ்வாறு நுழைந்தன. இரண்டின் பிற்கால வரலாறும் ஒன்றல்ல. தேவா இன்றும் தனிச் சிற்றினம். கலெரிடா தேவா என்ற பெயரில், சைக்ஸின் பெயரையும் சுமந்துகொண்டு வாழ்கிறது. கோவிந்தாவோ ஐரோப்பா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள கரும்பருந்தின் துணைச் சிற்றினமாகக் கீழிறக்கப்பட்டது. ஒரே ஆண்டில், ஒரே ஊரில், ஒரே கையால் எழுதப்பட்ட பெயர்களுள் ஒன்று மேலே நிற்க, மற்றொன்று வேறொரு பெயரின் கீழ் மூன்றாம் சொல்லாகச் சுருங்கியது. கழுகுகளுக்கும் இதுவே நேர்ந்தது. கரும்பருந்து எங்கும் மலிந்த பறவை, அதற்கு இழப்பில்லை. கழுகுகளுக்கு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பெயரிடும் வேட்கை கொண்ட நூற்றாண்டு. வெளிர் நிறத்தில் ஒரு கழுகு கிடைத்தால் அதற்கொரு பெயர், கருநிறத்தில் கிடைத்தால் இன்னொன்று. பெரும் புள்ளிக் கழுகின் வெளிறிய வடிவத்துக்கு ஃபுல்வெஸ்ஸென்ஸ் என்ற தனி இனப்பெயர் வழங்கப்பட்டது. அது நிற வேறுபாடு மட்டுமே என்பது பிறகு தெளிவாயிற்று. கழுகுகள் குஞ்சுப் பருவத்திலிருந்து முதிர்ச்சி வரை ஆண்டுதோறும் சிறகு மாற்றி உருமாறுபவை. ஒரே பறவையின் நான்கு பருவங்களை நான்கு இனங்களாக எண்ணுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டு இதற்கு எதிர்த்திசையில் ஓடியது. பெயர்க் குவியலைக் குறைக்க வேண்டும், நெருங்கிய வடிவங்களை ஒரே சிற்றினத்தின் புவியியல் கிளைகளாகக் கொள்ள வேண்டும் என்ற போக்கு வலுத்தது. தேவையான திருத்தந்தான், ஆனால் துடைப்பம் சற்று அதிகமாகவே பெருக்கிவிட்டது. தென்னாப்பிரிக்கக் கழுகு ஒன்றுக்கு டெமின்க் 1828இல் ராபாக்ஸ் என்று பெயரிட்டிருந்தார். பறித்துண்பது என்று பொருள். முன்னுரிமை விதிப்படி, ஒன்றாகச் சேர்க்கப்படும் இனங்களுள் பழைய பெயரே நிலைக்கும். 1828 மூத்தது, 1831உம் 1833உம் இளையவை. எனவே விந்தியானாவும் நிபாலென்சிஸும் ராபாக்ஸின் துணைச் சிற்றினங்களாகப் பல நூல்களில் இடம்பெற்றன. கசக்ஸ்தானப் புல்வெளியில் தரையில் கூடு கட்டி, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை செல்லும் பறவையும், பாராமதிப் பக்கம் கருவேல மர உச்சியில் கூடு கட்டி அங்கேயே வாழும் பறவையும் ஒரே இனம் என்று ஆயின.

ஹஸ்டாட்டாவின் கதை இன்னும் விசித்திரமானது. அது ஐரோப்பாவின் சிறு புள்ளிக் கழுகோடு சேர்க்கப்பட்டது. அந்தக் கழுகின் பெயர் போமரினா. பால்டிக் கடற்கரையின் பொமரேனியா நாட்டைக் குறிப்பது. சிறு புள்ளிக் கழுகு குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குச் செல்வது, இந்தியாவுக்கு வருவதன்று. கங்கைச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஒரு பறவை பல பத்தாண்டுகள் பொமரேனியாவின் பெயரைச் சுமந்து திரிந்தது. ஐரோப்பாவில் போமரினா ஆயிரக்கணக்கான இணைகளாகக் கூடு கட்டுகிறது. அந்த எண்ணிக்கையின் நிழலில் ஹஸ்டாட்டா எத்தனை என்று கேட்கவே காரணமில்லாமல் போயிற்று. நலமாக உள்ள ஓர் இனத்தின் கிழக்கு ஓரம் என்பதே அதன் நிலை.

இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்ததில் ஒரே மனிதருக்குப் பங்குண்டு. அமெரிக்கக் கொன்றுண்ணிப் பறவை ஆய்வாளர் வில்லியம் கிளார்க், 1992இல் வெளியிட்ட கட்டுரையில் ராபாக்ஸும் நிபாலென்சிஸும் வெவ்வேறு இனங்கள் என்று அருங்காட்சியகத் தோல்களையும் உயிர்ப் பறவைகளையும் ஒப்பிட்டு வாதிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 2002இல், பாரி, கிளார்க், விபு பிரகாஷ் மூவரும் ஐபிஸ் இதழில் ஹஸ்டாட்டாவைத் தனி இனமாக நிறுவினர். 2006இல் எஸ்தோனிய ஆய்வாளர் யூலோ வாலி இழைமணி மரபணுச் சான்றுகளால் அதை உறுதிப்படுத்தினார். புள்ளிக் கழுகுகள் அனைத்தும் பின்னர் அக்விலாவிலிருந்து விலகிக் கிளாங்கா என்ற பேரினத்துக்குச் சென்றன.

வேறுபாடுகள் எங்கே இருந்தன என்பது வியப்புக்குரியது. நிறத்தில் அல்ல, கடைவாயில். ஸ்டெப்பிக் கழுகின் மஞ்சள் கடைவாய்க் கோடு கண்ணின் பின்விளிம்பு வரை நீளும். விந்தியானாவில் அது கண்ணின் நடுப்பகுதியோடு நின்றுவிடும். ஹஸ்டாட்டாவின் வாயும் அகன்றது, தடித்த உதடு போன்ற விளிம்புடையது, போமரினாவில் அவ்வாறில்லை. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத இந்த அளவுகள்தாம் ஒன்றரை நூற்றாண்டுக் குழப்பத்தைத் தீர்த்தன. இதன் விளைவு கசப்பானது. பழைய களக் குறிப்புகளில் கடைவாய் பற்றி எழுதியவர் மிகச் சிலர். 'ராபாக்ஸ், ஒன்று, மரத்தின் மேல்' என்பது போன்ற ஒரு குளிர்காலப் பதிவு இன்றைய ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது. அது தக்காணத்துக் குடிப்பறவையாகவும் இருக்கலாம், ஆசியப் புல்வெளியின் விருந்தாளியாகவும் இருக்கலாம். பெயர் ஒன்றானபோது தரவும் ஒன்றாகக் கலந்தது. பிரித்த பிறகு பெயர்களை மீட்கலாம். தரவை மீட்க இயலாது.

தமிழ் வாசகர் இதில் அயலாரை நகைப்பதற்கு இடமில்லை. சங்கப் பாடல்களில் பருந்து, எருவை, பாறு என்று பிரித்துச் சொன்ன மொழிதான் இன்று பிணம் தின்னும் பறவையையும் உயிர் வேட்டையாடும் பறவையையும் கழுகு என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. மராத்தி இங்கே ஒரு படி தெளிவு: கருட் வேறு, கிதாட் வேறு. மாருதி சிதம்பள்ளி பறவைப் பெயர்களைத் தொகுத்துப் பட்சிகோசம் உருவாக்கியபோது அவர் எடுத்தாள்வதற்கு அந்த மொழியில் வளம் இருந்தது. தமிழகப் பாதுகாப்பு ஆர்வலர்கள் அண்மைக்காலத்தில் 'பாறு' என்ற சொல்லை மீட்டெடுத்துப் பிணந்தின்னிகளுக்கு மட்டும் வழங்கத் தொடங்கியது பழமைப் பற்றால் அன்று. எதைக் காப்பது என்று சொல்லியாக வேண்டிய தேவையால்.

அந்தத் தேவையின் பின்னணியும் இக்கதையோடு பிணைந்ததே. ஹஸ்டாட்டா கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான விபு பிரகாஷ்தான், பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுகள் சரிவதை 1999இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பதிவு செய்தவர். முன்னரே அங்கு எண்ணி வைத்திருந்ததால் சரிவைக் காண முடிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. கால்நடைகளுக்கு ஊசியாகப் போடப்படும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி, உண்ணும் பாறின் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது என்று 2004இல் தெரிந்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா தடை விதித்தது.

நஞ்சு பாறுகளோடு நிற்கும் என்று நினைத்திருந்த நேரத்தில், 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு பிக்கானேரை அடுத்த ஜோர்பீரில் இறந்துகிடந்த இரண்டு ஸ்டெப்பிக் கழுகுகளின் உடலில் அதே மருந்தின் எச்சத்தையும் அதே சிறுநீரகச் சிதைவையும் காட்டியது. பாறு இனத்தைச் சேராத ஒரு கழுகு, அக்விலா பேரினத்தைச் சேர்ந்தது. விந்தியானாவும் அதே பேரினம். அதுவும் இறந்த விலங்கை உண்பது. வேட்டையாடுவதைவிடப் பிற பறவைகளிடமிருந்து பறித்துண்பதிலும், மந்தையில் செத்த ஆட்டைக் கொத்துவதிலும் நாட்டமுள்ள பறவை. ராபாக்ஸ் என்ற பெயர் இந்த ஒரு விஷயத்தில் மிகப் பொருத்தம். கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதற்கான தடை 2023இல்தான் வந்தது.

இனி நிலத்துக்கு வருவோம். கழுகுக்கு நேர்ந்த பெயர்ச் சிக்கல் அது வாழும் நிலத்துக்கும் நேர்ந்தது, அதே காலத்தில், அதே மாவட்டத்தில்.

சயாத்ரி மலைக்குக் கிழக்கே செல்லச் செல்ல மழை வேகமாகக் குறையும். சாஸ்வட், ஜேஜுரி, சுபே, பாராமதி, இந்தாபூர் எல்லாம் மழைமறைவு நாடு. மேட்டில் மண் ஆழமில்லை. பாறை மேல் ஒரு சாண் மண்ணும் புல்லும், இடையிடையே முள்மரமும். மராத்தியில் இதற்கு மாள்ரான் என்று பெயர். 'ரான்' அரண்யம் என்பதன் திரிபு. காடு என்ற பொருள் அதற்குள் உறங்குகிறது. ஊர்ப் பொது மேய்ச்சலுக்கு விடப்பட்ட நிலம் காய்ரான். தங்கர் இன மேய்ப்பர்கள் தீபாவளிக்குப் பின் மந்தையோடு கொங்கணத்துக்கு இறங்கி, மழைக்கு முன் இங்கே திரும்புவார்கள். ஓநாயும் சிங்காரா மானும் கழுகும் இந்தப் போக்குவரத்தோடு சேர்ந்தே வாழ்ந்தவை.

சைக்ஸ் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்த 1820களின் இறுதியில் பிரிங்கிள் என்ற அதிகாரி புனே நிலங்களுக்கு வரி மதிப்பிட்டார். மதிப்பீடு கடுமையாகி உழவர்கள் நிலத்தைக் கைவிட்டு ஓடவே, 1835இல் கோல்ட்ஸ்மிட், விங்கேட் இருவரும் இந்தாபூர் வட்டத்தில் புதிய அளவையைத் தொடங்கினர். பம்பாய் மாகாணம் முழுவதும் பின்பற்றிய நிலவரி முறை இந்தாபூரிலிருந்து பிறந்ததுதான். மண்ணின் நிறமும் ஆழமும் பார்த்து வகுப்புப் பிரிக்கும் அம்முறையில் நிலம் என்பது வரி தருவது, தராதது பாழ். மாள்ரானுக்கு அந்த அட்டவணையில் தன் பெயரில் இடமில்லை.

விடுதலைக்குப் பிறகும் இச்சொல் மாறவில்லை. 2000இல் முதன்முதலாக வெளிவந்த இந்தியப் பாழ்நில நிலப்படத் தொகுதி, செயற்கைக்கோள் படங்களின் துணையோடு முள்புதர் நிலம், சீரழிந்த மேய்ச்சல் நிலம் போன்றவற்றைப் பாழ்நில வகைகளாக வரிசைப்படுத்தியது. பாழ் என்று எழுதப்பட்டதற்குப் பயன் தேட வேண்டும் அல்லவா? தொழிற்பேட்டை, சூரிய மின்பலகை, இவற்றோடு மரம் நடுதலும். மகாராஷ்டிர அரசு 2019இல் அறிவித்த இலக்கு மட்டும் 33 கோடிக் கன்றுகள். மரம் நடுவதைக் குறை சொல்வது பண்பாடற்ற செயலாகத் தோன்றும் காலம் இது. ஆயினும் விந்தியானாவுக்கு வேண்டியது தொலைவில் நிற்கும் ஒற்றைக் கருவேலமும், எலியும் ஓணானும் கண்ணுக்குப் படும் திறந்த புல்வெளியுமே. நெருக்கமாக நட்ட கிளைரிசிடியாத் தோப்பு அதற்கு மூடிய கதவு.

அருகிலுள்ள சோலாப்பூரின் நன்னஜ் இதற்கு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. கானமயிலுக்காக 1979இல் அமைந்த சரணாலயத்தின் பரப்பு 8,496 சதுர கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. ஊர்களும் வயல்களும் சேர்த்து வரையப்பட்ட, நடைமுறைக்கு ஒவ்வாத எல்லை. அது பின்னர் 1,222 சதுர கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. புனே மாவட்டத்தில் சிங்காராவுக்காக உள்ள மயூரேஷ்வர் சரணாலயமோ ஐந்து சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு கழுகு இணை ஒரு காலைப்பொழுதில் அதன் எல்லையைப் பலமுறை கடந்துவிடும். வனத்துறை அண்மையில் இந்தாபூரின் கட்பன்வாடியிலும் பாராமதியின் சிர்சுபளிலும் புல்வெளிச் சுற்றுலாவைத் தொடங்கியது நல்ல அடையாளம். விங்கேட்டின் அளவை தொடங்கிய அதே வட்டத்தில், புல்வெளி புல்வெளியாகவே மதிப்புப் பெறத் தொடங்கியிருக்கிறது.

சட்டத்தின் கதையைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் முதல் அட்டவணையில் வல்லூறுகளின் குடும்பமாகிய அக்சிபிட்ரிடேயை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தது. கழுகுகள் அந்த வரியின் கீழ்ப் பாதுகாப்புப் பெற்றன. சிற்றினம் எது என்று வழக்குமன்றத்தில் வாதிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சேர்த்துப் பெயரிடுவது இங்கே கவசமாயிற்று. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைகள் இனம் இனமாகப் பெயர் சொல்கின்றன. நுணுக்கம் கூடியிருக்கிறது, ஆனால் அறிவியல் பெயர் மாறினாலோ ஓர் இனம் இரண்டாகப் பிரிந்தாலோ அட்டவணை பின்தங்கிவிடும். காப்பதற்கு அகன்ற பெயர் நல்லது, கணக்கிடுவதற்குக் குறுகிய பெயர் நல்லது என்றே தோன்றுகிறது. இரண்டு வேலைக்கும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தும் பழக்கம்தான் இடறுகிறது.

பிரிப்பின் பயன் செம்பட்டியலில் தெளிவாகவே தெரிந்தது. தனி இனமான ஹஸ்டாட்டா அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. உலகில் முதிர்ந்த பறவைகள் 2,500க்கும் 9,999க்கும் இடைப்பட்டவை என்பது பேர்ட்லைஃப் இன்டர்நேஷனலின் மதிப்பீடு. போமரினாவோ கவலை குறைந்த இனமாகவே தொடர்கிறது. நிபாலென்சிஸ் 2015இல் அருகிவரும் இனமாக உயர்த்தப்பட்டது. ராபாக்ஸோடு ஒட்டிக் கிடந்திருந்தால் இந்த நிலைகள் எழுதப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

எஞ்சியிருப்பது விந்தியானா. நிபாலென்சிஸ் விலகிய பின்னும் அது ராபாக்ஸின் துணைச் சிற்றினமாகவே இருக்கிறது. 2018இல் ராபாக்ஸ் கவலை குறைந்த நிலையிலிருந்து அழிவாய்ப்புள்ள நிலைக்கு மாற்றப்பட்டபோது, அந்த முடிவைத் தாங்கியவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் திரட்டிய தரவுகள்: சாலையோரக் கணக்கெடுப்புகள், நஞ்சூட்டல், மின்கம்பிச் சாவுகள். ஆகவே இந்தாபூர் மேட்டில் கூடு கட்டும் பறவையின் பாதுகாப்பு நிலையை ஆப்பிரிக்கச் சாலைகளில் எண்ணிய பறவைகள் தீர்மானித்திருக்கின்றன. இம்முறை சராசரி அதற்குச் சாதகமாக அமைந்தது. ஆப்பிரிக்காவில் நிலை மேம்பட்டுத் தக்காணத்தில் சரிந்தால் அதே சராசரி சரிவை மறைக்கும், போமரினா ஹஸ்டாட்டாவை மறைத்ததைப் போலவே.

இன்று ஆப்பிரிக்கப் பறவைகளுக்கும் இந்தியப் பறவைகளுக்கும் இடையே அரேபியத் தீபகற்பத்தின் அகன்ற இடைவெளி உண்டு. அங்கே தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு சிறு கூட்டம் வாழ்கிறது. இரு பக்கத்துப் பறவைகளின் மரபணுக்களையும் முறையாக ஒப்பிட்டு விந்தியானா தனி இனம் என்ற முடிவு எட்டப்பட்டால், அதற்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. முன்னுரிமை விதிப்படி ஃபிராங்க்ளின் 1831இல் இட்ட பெயரே செல்லும்.